திரைக்குப் பின்னால் சங்கத் தலைவர்

தையல்கடை பேன்ட் மாஸ்டரின் சொந்தப் பெயர் அவர் மனைவிக்கே சட்டென்று நினைவுக்கு வராது. இடுப்பைப் பார்த்தே அளவு சொல்லிவிடுவார்; வாயும் கத்திரிக்கோல் மாதிரிதான்.

அறுபத்திரண்டு வயதில் அவருக்குப் புராஸ்டேட் புற்றுநோய் வந்தது. உள்ளூர் ஆஸ்பத்திரி ஸ்கேன் கருவி அரதப்பழசு. பரிசோதனைக்கும் சிகிச்சைக்கும் ஆறு மணி நேரம் பஸ்ஸில் போகவேண்டும். அடிக்கடி ஒன்றுக்கு முட்டும் அந்தக் கோளாறு உள்ளவருக்கு ஆறு மணி நேரம் என்றால் சும்மாவா? முதல் பயணத்திலேயே ஏழு இடத்தில் வண்டியை நிறுத்தச் சொன்னார். ஏழாவது தடவை, "வாங்க பெரியவரே, நானும் வரேன்" என்று டிரைவரும் கூடவே இறங்கிவிட்டார்.

குணமானதும் மாஸ்டர் உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டரம்மாவிடம் போய் நின்றார்.

"நம்ம ஊருக்கே புது மிஷின் வாங்கினா என்னம்மா?"

"ஒரு அறக்கட்டளை பாதிப் பணம் தருது மாஸ்டர். மீதிய ஊர்தான் போடணும்."

வியாபாரிகள் சங்கத்தில் கேட்டார். ஹார்டுவேர் கடை வைத்திருந்த தலைவர் நெளிந்தார். "கண்ணுக்கு, இதயத்துக்குன்னா நோட்டீஸ் அடிச்சு வசூல் பண்ணலாம். இத எப்படிய்யா வெளிய சொல்றது?"

மாஸ்டர் தலையாட்டிவிட்டு வந்தார். மகள் கல்யாணத்துக்குத் தலைவர் போடப்போகும் பேன்ட் தன் கடையில்தான் தையலில் இருக்கிறது என்பது அவருக்கு நினைவிருந்தது.

தலைவர் போட்டுப் பார்க்க வந்து, கடை மூலையில் இருந்த திரைக்குப் பின்னால் போனார். "இடுப்ப ஒரு நூல் பிடிக்கணும், கழட்டிக் குடுங்க. போட்டுட்டு வந்ததையும் குடுங்க, ஒத்துப் பாக்கணும்" என்றார் மாஸ்டர். இரண்டும் கைக்கு வந்ததும் தையல் மிஷினில் உட்கார்ந்து நிதானமாக ஆரம்பித்தார்: புராஸ்டேட் சுரப்பி எங்கே இருக்கிறது, வீங்கினால் என்னவாகும், பரிசோதனை ஊசி எந்த வழியாகப் போகும்.

"யோவ், பேன்ட்டக் குடுய்யா!" என்று திரை அலறியது.

"தரேன் தலைவரே. ராத்திரி எத்தன தடவ எந்திரிக்கிறீங்க?"

திரைக்குள்ளிருந்து சின்னக் குரல் வந்தது: "அஞ்சு. சில நாள் ஆறு."

மாஸ்டரின் கால் பெடலில் நின்றுவிட்டது. குறும்பெல்லாம் வடிந்துபோயிற்று. இரண்டு பேன்ட்டையும் திரைக்குள் நீட்டி, "உடுத்துங்க. நானும் கூட வரேன், இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போவோம்" என்றார்.

ரத்தப் பரிசோதனையில் சந்தேகம் வந்தது. தலைவருக்கும் அதே ஆறு மணி நேரப் பயணம். நோய் ஆரம்ப நிலைதான், பயப்பட ஒன்றுமில்லை என்றார்கள். ஆனால் பஸ்ஸைவிட்டு இறங்கிய கையோடு தலைவர் சங்கத்தைக் கூட்டினார். நோட்டீஸில் 'புராஸ்டேட்' என்ற அந்த வார்த்தையைக் கொட்டை எழுத்தில் போடச் சொன்னார். தயங்கிய உறுப்பினர்களை ஒவ்வொருவராக, "மாஸ்டர் கடையில பேன்ட் நல்லா தைக்கிறாங்க, போய்ப் பாரேன்" என்று அனுப்பியும் வைத்தார்.

நாலு மாதத்தில் கருவி வந்து இறங்கியது. டாக்டரம்மா மாஸ்டரை உள்ளே அழைத்துக் காட்டினார். அவர் சுற்றிச் சுற்றி வந்து, மேலே போட்டிருந்த துணி உறையைப் புரட்டிப் பார்த்தார்.

"மிஷின் ஜோரா இருக்கும்மா. இந்த உறைய எவன் தைச்சான்? ஓரம் பூராக் கோணல்."

சொன்னவர் அதைச் சுருட்டி அக்குளில் இடுக்கிக்கொண்டு கடைக்கு நடந்தார்.