பவுனுக்கு வைத்த திராட்சை

எங்கள் வீட்டில் புரட்டாசி பிறந்தால் நாய்க்கும் விரதம். நகரியில் தறி வைத்திருந்தவர்களில் பெருமாளுக்கு நாமம் போட்டுக்கொள்கிற குடும்பங்கள் அந்த மாதம் முழுக்கக் கறி, மீன் பக்கமே தலைவைத்துப் படுக்காது. அதில் அதிசயம் ஒன்றுமில்லை. எங்கள் நைனா மட்டும் ஒரு படி மேலே போய், வாசலில் எலும்பைக் கடித்துவிட்டு நாய் உள்ளே வந்தால் நம்முடைய விரதம் எப்படி விரதமாகும் என்று கேட்டார். நைனா கேட்டால் அது கேள்வி இல்லை, உத்தரவு. இப்படியாக, பெருமாளிடம் எந்த வேண்டுதலும் வைக்காத ஒரு நாய் எங்களோடு சேர்ந்து சுத்தபத்தமாக இருக்க ஆரம்பித்தது.

அதன் பெயர் பவுனு. பழுப்பு நிறத்தில், ஒரு காது மடிந்து, மற்றது நிமிர்ந்து நிற்கும். அது வீட்டு நாய் என்று சொல்வதைவிட அத்தையின் நாய் என்று சொல்வதுதான் சரி. அத்தை நைனாவுக்குத் தங்கை. பாலசமுத்திரம் பக்கம் வாழப் போனவள். அங்கே இரண்டு பிள்ளைகள் பிறந்து, இரண்டும் பால் குடிக்கிற வயதிலேயே போய்விட்டன. கொஞ்ச நாள் அண்ணன் வீட்டில் இருந்துவிட்டு வரட்டும் என்று அனுப்பி வைத்தவர்கள் அதன் பிறகு அழைத்துப்போக வரவில்லை. நான் பார்த்த நாளிலிருந்து அத்தை எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அவள் முந்தானையில் சுருட்டிக்கொண்டு வந்த குட்டிதான் பவுனு.

அந்தக் காலத்தில் நாய்க்குச் சாப்பாடு என்று தனியாக எதுவும் கிடையாது. மிஞ்சினதைப் போடுவார்கள், மிஞ்சாவிட்டால் அது தெருவில் தேடிக்கொள்ளும். அத்தை அப்படி விடமாட்டாள். பவுனுக்கு வைக்கிற சோற்றில் கல் இருக்கிறதா என்று பார்ப்பாள். பழையதைப் போடமாட்டாள். கேழ்வரகுக் களியை ஆறவைத்து, தயிர் விட்டுப் பிசைந்து, உருட்டி வைப்பாள். உண்ணி பிடித்தால் வேப்பெண்ணெயில் மஞ்சளைக் குழைத்துத் தடவுவாள். வயிறு உப்பினால் ஓமத் தண்ணீர். பக்கத்து வீட்டுக்காரிகள் இதைப் பார்த்துச் சிரிப்பார்கள். "இன்னா, உன் பொண்ணுக்கு மாப்பிள்ளை பாத்துட்டியா?" என்பார்கள். அத்தையும் சிரித்துக்கொண்டே, "பாத்துக்கினு கீறேன், ஒருத்தனும் தேறல" என்பாள்.

வாரத்துக்கு ஒருமுறை கறிக்கடையிலிருந்து அவள் வாங்கி வந்துகொண்டிருந்த கழிவும் எலும்பும் புரட்டாசியோடு நின்றன. பத்துப் பதினைந்து நாளில் பவுனுக்கு விலா தெரிய ஆரம்பித்தது. அதற்குப் பசி என்று சொல்ல முடியாது, தயிர்ச்சோறு வயிறு முட்டத்தான் தின்றது. ஆனாலும் இளைத்துப்போயிற்று. அத்தை அதன் முதுகைத் தடவிப் பார்த்துவிட்டு உள்ளே போவாள். அண்ணன் சோற்றில் இருந்துகொண்டு அண்ணன் வைத்த விரதத்தைக் குறை சொல்ல முடியுமா?

மூன்றாம் சனிக்கிழமைக்கு எங்கள் தெருவிலிருந்து ஒரு கூட்டம் மஞ்சள் வேட்டி கட்டிக்கொண்டு கோவிந்தா போட்டபடி திருப்பதிக்கு நடந்தது. சித்தப்பாவும் போனார். எங்கள் சித்தப்பாவுக்கு அப்போது இரண்டு பக்தி. ஒன்று பெருமாள், மற்றது எல்லைப் பிரச்சினை. நகரியை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று எங்கே கூட்டம் போட்டாலும் முதல் வரிசையில் உட்கார்ந்திருப்பார். மலையேறி என்ன வேண்டிக்கொண்டார் என்று வீட்டில் யாரும் கேட்கவில்லை, கேட்கத் தேவையும் இல்லை. திரும்பி வரும்போது லட்டும், கற்கண்டும், திருப்பதி கடைத்தெருவில் வாங்கிய ஒரு பெரிய பொட்டலம் உலர்ந்த திராட்சையும் கொண்டுவந்தார். திராட்சை அம்மாவுக்கு. அம்மா அப்போது முழுகாமல் இருந்தாள். திராட்சை தின்றால் ரத்தம் ஊறும், உடம்பு குளிரும், வயிறு சுத்தமாகும் என்று எல்லோரும் சொன்னார்கள்.

அத்தை அந்தப் பொட்டலத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளாக வாய்விட்டுக் கேட்கிறவள் இல்லை. அம்மாதான் புரிந்துகொண்டு ஒரு பிடி அள்ளிக் கொடுத்தாள். "பவுனுக்குப் போடு. பாவம், வாயில்லாதது, நம்மகூட சேர்ந்து எளச்சிப் போச்சி." அம்மாவுக்கும் அத்தைக்கும் நடுவில் நான் பார்த்த மிக நல்ல நேரம் அதுதான். அத்தை தன் பங்குக்கு வந்த லட்டையும் உதிர்த்து, திராட்சையையும் கலந்து பவுனுக்கு வைத்தாள். பிரசாதத்தை நாய்க்கு வைக்கலாமா என்று நைனா முனகினார். "அதுவும் பெருமாளு வெச்ச உசுருதானே, அண்ணா" என்றாள் அத்தை. பவுனு தட்டை நக்கிவிட்டு எங்கள் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. எனக்குத் திராட்சை கொஞ்சம்தான் கிடைத்தது என்று நான் அழுததும் நினைவிருக்கிறது.

மறுநாள் காலையில் பவுனு வாந்தி எடுத்தது. சாப்பிடவில்லை. தறிக் குழியின் ஓரத்தில் சுருண்டு படுத்துக்கொண்டு, பேர் சொல்லிக் கூப்பிட்டால் வாலை மட்டும் ஆட்டியது. நெய்ப் பண்டம் தின்று சூடு பிடித்துக்கொண்டது என்று வீட்டில் முடிவானது. சூட்டுக்கு மருந்து எங்கள் ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். திராட்சையைத் தண்ணீரில் ஊறவைத்து, கசக்கிப் பிழிந்து கொடுக்க வேண்டும். கைக்குழந்தைக்கே கொடுக்கிற மருந்து. அத்தை தன் தகரப்பெட்டியைத் திறந்து, அடியிலிருந்து ஒரு பாலாடையை எடுத்தாள். தன் பிள்ளைகளுக்குப் பால் புகட்டிய பாலாடை. அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, பவுனின் தலையை மடியில் வைத்துக்கொண்டு, திராட்சைத் தண்ணீரைக் கடைவாயில் கொஞ்சம் கொஞ்சமாக விட்டாள். பவுனு முழுங்கியது. அவள் கொடுத்தால் அது எதையும் முழுங்கும்.

அதற்கு அடுத்த நாள் இன்னும் மோசம். நிற்கக் காலில்லை. அத்தை மறுபடியும் திராட்சை ஊறவைத்தாள், இந்த முறை கொஞ்சம் அதிகமாக. நாய்க்கு மூத்திரம் போகவில்லை என்றாள். அதற்கும் திராட்சைத் தண்ணீர்தான் நல்லது என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள்.

கடைசியில் புத்தூர் மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டுபோவது என்று ஆயிற்று. நாய்க்கு டாக்டரா என்று நைனா தலையில் அடித்துக்கொண்டார். ஆனாலும் நூல் மூட்டை ஏற்றிப்போன ஒரு மாட்டு வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தவர் அவர்தான். அத்தையும் சித்தப்பாவும் போனார்கள். அழுது அடம்பிடித்து நானும் தொற்றிக்கொண்டேன். வழியெல்லாம் பவுனு அத்தையின் மடியில் கோணியில் சுற்றிக் கிடந்தது.

டாக்டர் கோஸ்தா என்கிற கடலோர ஆந்திரப் பக்கத்திலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர். சித்தப்பாவுக்குத் தெலுங்கு தண்ணீர் பட்ட பாடு. சந்தையிலும் ஆபீசிலும் தெலுங்கில்தான் பேசுவார். அன்றைக்கு மட்டும் வீம்பாகத் தமிழிலேயே பேசினார். டாக்டர் விழித்தார். எல்லைத் தகராறை இவர்கள் இரண்டு பேரும் அங்கேயே தீர்த்துவிடுவார்கள் போலிருந்தது. நாய் மேசையின்மேல் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. "நீ கொஞ்சம் கம்முனு இருடா" என்று தம்பியை அடக்கிவிட்டு அத்தை தெலுங்கில் எல்லாவற்றையும் சொன்னாள். டாக்டர் நல்ல மனுஷர். நாயின் வயிற்றை அழுத்திப் பார்த்தார், இமையைத் தூக்கிப் பார்த்தார். என்ன கொடுத்தீர்கள் என்று கேட்டார். கெட்டது எதுவும் கொடுக்கவில்லை, பிரசாதமும் திராட்சைத் தண்ணீரும்தான் என்றாள் அத்தை.

"திராக்ஷ மஞ்சிதே அம்மா, பெட்டண்டி" என்றார் அவர். திராட்சை நல்லதுதான், கொடுங்கள் என்று.

ஒரு ஊசி போட்டார். வண்டியில் திரும்பி வரும்போது அத்தையின் முகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. தான் செய்துகொண்டிருந்ததையே டாக்டரும் சொல்லிவிட்டார் அல்லவா? வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாகத் திராட்சையை ஊறவைத்தாள். அதோடு பொட்டலம் காலியாயிற்று. அம்மா தனக்கென்று எடுத்து வைத்திருந்ததையும் கொண்டுவந்து கொடுத்தாள்.

மறுநாள் மதியம், தெரு முழுக்கத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தபோது பவுனு செத்துப்போனது. கடைசியாக ஊற்றிய தண்ணீர் அதன் வாயோரத்தில் வழிந்து அத்தையின் புடவையை நனைத்திருந்தது. அத்தை அழவில்லை. "இதுவும் பூடுச்சா" என்று மட்டும் கேட்டாள். யாரைக் கேட்டாள் என்று தெரியவில்லை. பாலாடை கையிலேயே இருந்தது. தெலுங்கு டாக்டர் வேண்டுமென்றே தப்பு ஊசி போட்டுவிட்டார் என்று சித்தப்பா தெருவில் நின்று கத்தினார். அவருக்கு அது ஒரு வசதி. அத்தைக்கு அந்த வசதிகூட இல்லை. ஏனென்றால் பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி, பாவப்படுகிறவள் போலத்தான், கொஞ்சம் உரக்கவே சொன்னாள்: "அவ கை அப்பிடி. இன்னா வெச்சாலும் தங்க மாட்டேங்குது." அத்தை அதைக் கேட்டாள். நானும் கேட்டேன். அம்மாவும் கேட்டாள் என்று இப்போது நினைக்கிறேன்.

அதன் பிறகு எல்லையும் ஒருவழியாகத் தீர்ந்தது. திருத்தணி மதராஸ் பக்கம் போயிற்று, நாங்கள் ஆந்திரா பக்கமே நின்றோம். சித்தப்பாவும் பழையபடி சந்தையில் எல்லோரையும்போலத் தெலுங்கில் பேரம் பேசிக்கொண்டிருந்தார்.

போன வருஷம் என் மகள் திருப்பதியில் நாய்களுக்கென்றே இருக்கிற ஒரு கடைக்கு என்னைக் கூட்டிக்கொண்டு போனாள். அவள் ஒரு நாய் வளர்க்கிறாள். அலமாரி முழுக்கப் பொட்டலங்கள், புட்டிகள். எல்லாம் இயற்கையானது, ரசாயனம் கலக்காதது என்றார்கள். கேழ்வரகு பிஸ்கட், உலர்த்திய மீன், வேப்பெண்ணெய் சோப்பு. எங்கள் அத்தையின் வைத்தியத்தையெல்லாம் படம் போட்டு அடுக்கி வைத்திருக்கிறார்களே என்று எனக்குச் சிரிப்பு வந்தது. திராட்சை போட்ட பிஸ்கட் இல்லையா என்று விளையாட்டாகக் கேட்டேன். கடைப் பெண் பதறிப்போனாள். "ஐயோ அம்மா, திராட்சை மட்டும் குடுத்துடாதீங்க. பச்சையோ காஞ்சதோ, நாய்க்கு அது விஷம். கிட்னி போயிடும். ரொம்பப் பேருக்குத் தெரியாது."

நான் அங்கே இருந்த நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். மகள் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள். வெயில் என்று நினைத்துக்கொண்டாள்.

நல்லதில் நல்லதாகத் தேடிக் கொடுத்தாள் அத்தை. பெருமாள் ஊரிலிருந்து வந்தது, கர்ப்பிணிக்கு வாங்கியது, கைக்குழந்தைக்குக் கொடுப்பது, டாக்டரே சரியென்றது. இதைவிட எப்படி ஒருத்தி பார்த்துப் பார்த்துக் கொடுக்க முடியும்? அவள் செத்து எத்தனையோ வருஷமாயிற்று. இருந்திருந்தால் ஓடிப்போய்ச் சொல்லியிருப்பேனா? அது உன் கை இல்லை அத்தை, பழம் என்று சொல்லியிருக்கலாம். பழத்தைக் கொடுத்தது எந்தக் கை என்று அவள் கேட்டிருந்தால்?

பவுனு செத்த அந்த வருஷம் தை மாதத்தில் என் தம்பி பிறந்தான். அத்தை அவன் துணிகளைத் துவைத்தாள், தொட்டிலை ஆட்டினாள், சளி பிடித்தால் ராவெல்லாம் விழித்திருந்தாள். ஆனால் ஒரு சங்கு பால்கூட அவள் அவனுக்குப் புகட்டியதில்லை. கஞ்சி ஊட்டுகிற வயது வந்தபோதும் ஊட்டவில்லை. அம்மாவும் ஒருநாள்கூட ஊட்டச் சொல்லவில்லை. ஒரு நாள் நான் பள்ளிக்கூடம் விட்டு வருகிறேன், அம்மா ஆற்றுக்குப் போயிருக்கிறாள், தம்பி பசியில் வீறிட்டு அழுதுகொண்டிருக்கிறான். அத்தை பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாள். கஞ்சி காய்ச்சி, ஆற்றி, கிண்ணத்தில் ஊற்றித் தயாராக வைத்திருக்கிறாள். இரண்டு கையையும் மடிக்குள் வைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

எனக்குக் கோபம் வந்தது. "இம்மா நேரம் அழவுட்டுக்கினு இருக்கியே. நீ ஊட்டனா இன்னா அத்த?"

அத்தை கிண்ணத்தை என் பக்கம் தள்ளினாள். "நீ ஊட்டுடி. உன் கை நல்ல கை."

நான் பையைக் கழற்றி எறிந்துவிட்டு உட்கார்ந்து ஊட்டினேன். தம்பி மளமளவென்று குடித்தான். அத்தை கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, ஒவ்வொரு வாய் உள்ளே போகும்போதும் தானும் வாயைத் திறந்து மூடினாள். என் கை நல்ல கை என்று எங்கள் அத்தையே சொன்னாள் என்று அன்றைக்குச் சாயந்திரம் தெருவில் ஒருவர் விடாமல் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.