சீர்த்தட்டில் வந்த திருட்டு நகல்

பிள்ளைகளா, ஒரு கணினி விளையாட்டைக் காசு கொடுத்து வாங்குவதற்கு ஒரு மனிதன் இவ்வளவு அலைய வேண்டுமா என்று எனக்கு இன்றைக்கும் எரிச்சலாகத்தான் இருக்கிறது. திருடி விளையாடுவது சுலபம். கைப்பேசியில் காசை விட்டுத் தொலைப்பது அதைவிடச் சுலபம், விரல் பட்டாலே போதும். நேர்மையாக வாங்கலாம் என்று கிளம்பினால்தான் ஒவ்வொரு கதவாக வந்து முகத்தில் அறைகிறது.

நான் மூன்றாம் படிவம் வரைதான், அதாவது ஒன்பது வகுப்புதான் படித்தேன். மலேசியாவில் ஸ்கூடாயில் வீடு, கடற்பாலத்துக்கு அந்தப் பக்கம் சிங்கப்பூரில் கிடங்கு வேலை. விடிவதற்குள் மோட்டார் சைக்கிளில் பாலத்தைக் கடந்து போய், இருட்டிய பிறகு அதே பாலத்தில் புகையைக் குடித்துக்கொண்டு திரும்பி வருகிறவன். எனக்குத் தெரிந்த விளையாட்டு பந்து மட்டும்தான். கணினி விளையாட்டைப் பற்றி நான் எழுதுவதெல்லாம் என் இரண்டு மகள்களிடம் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொண்டவை. பெரியவளுக்குப் பதினான்கு வயது, சின்னவளுக்குப் பத்து.

சின்னவளின் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். அவள் அம்மாவின் கைப்பேசியில் ஒரு விளையாட்டு ஆடிக்கொண்டிருந்தாள். இலவசம் என்றாள், சரி என்று விட்டுவிட்டேன். அதற்குள்ளே வண்ண வண்ணமாகப் பெட்டிகள். பெட்டியில் என்ன இருக்கிறது என்று திறந்தால்தான் தெரியும், திறப்பதற்குக் காசு. அவளுக்கு நீலச் சிறகு வைத்த ஒரு குதிரை வேண்டும். இந்தப் பெட்டியில் இல்லை என்றால் அடுத்ததில் இருக்கும் என்று திறந்துகொண்டே போயிருக்கிறாள். கோயில் திருவிழாவில் வளையம் வீசிப் பரிசு எடுக்கச் சொல்கிறவனாவது பரிசைக் கண்ணில் காட்டிவிட்டுத்தான் காசு கேட்பான். இவர்கள் அதுவும் காட்டவில்லை. மாதக் கடைசியில் கைப்பேசிக் கட்டணம் வந்தபோது என் மனைவி சமையலறைத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

பெரியவளை விட்டு அந்த நிறுவனத்துக்கு ஆங்கிலத்தில் எழுதச் சொன்னேன். பிள்ளை தெரியாமல் செய்துவிட்டது, திருப்பித் தர முடியுமா என்று கேட்டோம். அனுப்பிய மூச்சு அடங்குவதற்குள் பதில் வந்தது. மனிதர்கள் யாரும் படித்திருக்கவே முடியாது. எங்கள் விளையாட்டின் மீது நீங்கள் காட்டும் அன்புக்கு நன்றி என்று அதில் எழுதியிருந்தது. பெரியவள் அந்த வரியைத் தமிழில் சொன்னபோது, எழுந்துபோய் யாரிடமாவது சண்டை போட வேண்டும் போல இருந்தது. யாரிடம் போடுவது? அங்கே யாருமே இல்லையே.

அன்றைக்கு என் மனைவி ஒரு சட்டம் போட்டாள். வங்கி அட்டையின் எண்ணையோ கைப்பேசியில் இருக்கிற பணத்தையோ இனி எந்த விளையாட்டுக்கும் காட்டக்கூடாது. நானும் ஒப்புக்கொண்டேன். நியாயமான சட்டம்தான். ஆனால் அது கெட்டவர்களோடு சேர்த்து நல்லவர்களையும் வாசலிலேயே நிறுத்திவிட்டது.

நல்லவர்கள் என்று நான் சொல்வது பெரியவளின் ஆட்களை. எங்கோ ஒரு குளிர் தேசத்தில் நான்கு பேர் சேர்ந்து ஒரு விளையாட்டு செய்திருந்தார்கள். ஒரு சின்னப் படகில் தீவு தீவாகச் சரக்கு கொண்டுபோய் இறக்க வேண்டும். போன வருடம் அவளுடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தோம், அப்போது இந்தச் சட்டமெல்லாம் வரவில்லை. ஒரு தடவை காசு கொடுத்தால் அதோடு முடிந்தது. பெட்டி கிடையாது, நடுவில் வந்து கையை நீட்டுகிற வேலை கிடையாது.

படகுக்கு நாமே பெயர் வைக்கலாம். இவள் தமிழில் ‘கொசு’ என்று வைத்தாள், சின்னதாக இருந்துகொண்டு பெரிய சத்தம் போடுகிறதாம். படகின் பக்கவாட்டில் எழுத்து வரவில்லை, வெறும் கட்டம் கட்டமாக வந்தது. அதை அந்த நான்கு பேருக்கும் எழுதிப் போட்டாள். பதில் இல்லை. விட்டுத் தள்ளு, பெரிய நிறுவனங்களே மதிப்பதில்லை, இவர்களா மதிக்கப் போகிறார்கள் என்றேன். சில நாள் கழித்துப் பதில் வந்தது. அதை எழுதியது மனிதர்தான். தமிழைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை, மன்னித்துக்கொள், எப்படித் தெரிய வேண்டும் என்று காகிதத்தில் எழுதிப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருந்தார். இவள் அனுப்பினாள். முதலில் எழுத்துகள் இடம் மாறி வந்தன. திரும்ப எழுதினாள், திரும்பச் சரிசெய்தார்கள்.

நான் வேலை முடிந்து தலைக்கவசத்தைக்கூடக் கழற்றாமல் நின்றபோது, என்னை இழுத்துப்போய்க் காட்டினாள். கடலில் ஆடிக்கொண்டிருந்தது, பக்கவாட்டில் அழகாகக் ‘கொசு’ என்று எழுதிய ஒரு படகு. முகம் தெரியாத யாரோ ஒருவர், ஸ்கூடாயில் இருக்கிற ஒரு பிள்ளைக்காக உட்கார்ந்து மெனக்கெட்டிருக்கிறார். எனக்கு வாயில் வந்தது ‘ம்’ மட்டும்தான்.

அந்த நான்கு பேரும் இரண்டாவது விளையாட்டை வெளியிட்டது போன தீபாவளிக்கு முந்தைய வாரம். முதல் வாரத்தில் எத்தனை பேர் முழு விலைக்கு வாங்குகிறார்களோ, அதை வைத்துத்தான் தொடர்ந்து செய்வதா, கலைந்து வேறு வேலைக்குப் போவதா என்று முடிவெடுக்க வேண்டியிருக்கும் என எழுதியிருந்தார்கள். பெரியவளுக்கு அது மனப்பாடம்.

கடை வைத்திருப்பவர்கள் எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள், வருடக் கடைசியில் பாதி விலைக்கு வரும், அப்போது பார்க்கலாம் என்றேன்.

“பாதி விலைக்கு வர்றப்போ அவங்க இருக்க மாட்டாங்கப்பா” என்றாள்.

 எனக்குக் கோபம்தான் வந்தது. கோபம் அடங்கிய பிறகு விசாரித்துப் பார்த்தேன். கடைகளில் ஒரு அட்டை விற்கிறார்கள். ரொக்கம் கொடுத்து வாங்கி, சுரண்டி, அதில் உள்ள எண்ணை விளையாட்டு விற்கிற இணையக் கடையில் போட்டால் போதும், வங்கியைக் காட்ட வேண்டாம். மனைவியிடம் சொன்னேன். யோசித்துவிட்டு, சரி என்றாள்.

தீபாவளிக்கு முந்தைய நாளுக்கும் முந்தைய நாள், சிங்கப்பூரில் சாப்பாட்டு நேரத்தில் கிடங்குக்குப் பக்கத்துக் கடையிலேயே அட்டையை வாங்கிவிட்டேன். பெரிய சாதனை செய்தவன் போல வீட்டுக்கு வந்து, நானே சுரண்டி, மகள் கையில் கொடுத்தேன். எண்ணைப் போட்டாள். இந்த அட்டை வேறு நாட்டுக்குரியது என்று வந்தது.

அதாவது, அது சிங்கப்பூர் அட்டை. எங்கள் கணக்கு மலேசியக் கணக்கு. நான் தினமும் போய் வருகிறேன். என் சம்பளம் வருகிறது, நான் வாங்குகிற ரொட்டி வருகிறது, அங்கே பெய்கிற மழைகூட இங்கே வருகிறது. இந்தத் துண்டு அட்டைக்கு மட்டும் பாலத்தைத் தாண்ட அனுமதி இல்லையாம். மறுநாள் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனால், சுரண்டியதை வாங்க மாட்டோம், பின்பக்கத்திலேயே போட்டிருக்கிறது என்றான் கடைப் பையன். போட்டுத்தான் இருந்தது, எறும்பு ஊர்ந்த மாதிரி எழுத்தில்.

அன்றைக்குப் பாலத்தில் பண்டிகை நெரிசல். ஸ்கூடாய் வந்து தேடிய கடைகளில் எங்களுக்கு வேண்டிய அட்டை தீர்ந்துபோயிருந்தது. சின்னவளை ஏமாற்றிய அந்தப் பெட்டிக்காரர்களின் அட்டைகள் மட்டும் தோரணம் போலத் தொங்கின. தீபாவளி விடிந்தால் அந்த முதல் வாரத்தின் கடைசி நாள். பெரியவள் என்னைக் குறை சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதிலுக்குக் கத்தியாவது இருப்பேன்.

காலையில் எண்ணெய்க் குளியல் முடித்து, பத்து பாகாட் என்ற ஊரில் இருக்கிற என் மனைவியின் அண்ணன் வீட்டுக்குப் போனோம். மச்சான் அங்கே கைப்பேசிக் கடை வைத்திருக்கிறார். கடைக்குப் பின் வரிசையில்தான் வீடு. தங்கை பிள்ளைகளுக்குத் தீபாவளியன்று தட்டு வைத்துக் கொடுப்பது அவர் விட்டுக்கொடுக்காத வழக்கம். தாய்மாமன் நீட்டுகிற தட்டை இரண்டு கையாலும் வாங்கிக்கொள்ள வேண்டும். வேண்டாம் என்று சொல்வது எங்கள் குடும்பத்தில் கேள்விப்படாத விஷயம்.

பெரியவளின் தட்டில் பழம், பூ, புதுச் சுடிதார். அதற்கு மேலே, சிவப்பு நூல் கட்டிய ஒரு பென்டிரைவ்.

“நீ ஏதோ கேமுக்கு அலையறன்னு அப்பா போன்ல புலம்பினாருமா. முழுசா இதுல இருக்கு. ஒரு காசு செலவில்ல” என்றார் மச்சான். முகமெல்லாம் மகிழ்ச்சி. எங்கிருந்தோ தேடி இறக்கியிருக்கிறார். என் வாயை நானே நொந்துகொண்டேன்.

பெரியவள் தட்டை வாங்கவில்லை. பென்டிரைவை மட்டும் எடுத்து அவர் பக்கமாக நீட்டினாள்.

“இது மட்டும் வேணாம் மாமா.”

“ஏம்மா, வைரஸ்லாம் இல்ல. நானே பார்த்துட்டேன்.”

“இது திருடினது மாமா.”

நல்ல நாளில், அவர் வீட்டு நடுக்கூடத்தில், அவரைப் பார்த்து அந்தச் சொல். என் மனைவி அவளை அதட்டினாள். மச்சான் சிரித்தார், ஆனால் தட்டை நீட்டிய கை அப்படியே நின்றது.

“அலமாக்” என்று அலுத்துக்கொண்டார். “ஊரே இப்படித்தான்லா ஆடுது. நம்ம காசு வரலன்னா அவன் பட்டினியா கிடப்பான்?”

“பட்டினியா கிடக்க மாட்டாங்க மாமா. வேற வேலைக்குப் போயிருவாங்க. அப்புறம் தங்கச்சி மாதிரி பிள்ளைங்களுக்குப் பெட்டி விக்கிறவங்க மட்டும்தான் மிச்சம் இருப்பாங்க.”

மச்சான் என் பக்கம் திரும்பி, பிள்ளையை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறாய் மாப்ள என்றார். எந்த அர்த்தத்தில் சொன்னார் என்று நான் கேட்கவில்லை. எனக்கு எல்லோர் மீதும் எரிச்சல். அவளைத் தனியாக இழுத்து, பேசாமல் வாங்கிக்கொண்டு விளையாடாமல் இருந்தால் என்ன குறைந்துவிடும், மாமா மனம் நோகாதா என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன். வாங்கிக்கொண்டால் வாங்கியதுதானே அப்பா என்றாள். கண் கலங்கியிருந்தது. பிறகு அவளாகவே திரும்பிப்போய் அவர் முன்னால் நின்றாள்.

“மாமா, உங்க கடையில அட்டை விக்கிறீங்கல்ல. எனக்கு சீரா அதுல ஒன்னு கொடுங்க. இன்னைக்கு விட்டா முடிஞ்சிரும்.”

வருடத்தில் அவர் கடையைச் சாத்துகிற ஒரே நாள் அது. ஆனாலும் தட்டைக் கீழே வைத்துவிட்டு, அவள் கையிலிருந்த பென்டிரைவை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சாவியை எடுத்தார்.

“வா. தாய்மாமன் பேரைக் கெடுக்காம நீ ஓய மாட்ட.”

ஷட்டரைப் பாதிதான் தூக்கினார். உள்ளே சுவர் முழுக்கப் பெட்டிக்காரர்களின் அட்டைகள். அவற்றுக்குப் பின்னால் கையை விட்டுத் துழாவியதில் எங்களுக்கு வேண்டியது கிடைத்தது, மலேசிய அட்டை. அதைச் சுரண்டக்கூட நான் முன்வரவில்லை. அவளே சுரண்டி, கடைக் கணினியில் எண்ணைப் போட்டாள். ஏற்றுக்கொண்டது. வாங்கியாயிற்று என்று திரையில் வந்ததும், மேசையில் இரண்டு கையையும் ஊன்றிக்கொண்டு மூச்சு விட்டாள்.

“அவ்வளவுதானா?” என்றார் மச்சான். அவருக்கு ஏமாற்றம்.

எங்கள் ஒரு அட்டையால் அந்த நான்கு பேரும் பிழைத்துவிட மாட்டார்கள் என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அவளுடைய பங்கை அவள் நேரத்துக்குக் கொடுத்துவிட்டாள். அதோடு கிளம்பியிருந்தால் எனக்கும் நிம்மதியாக இருந்திருக்கும்.

பாதி திறந்த ஷட்டர் அந்தத் தாமான் குடியிருப்புப் பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிட்டது. புதுச் சட்டையும் கையில் தீபாவளிக் காசு போட்ட உறையுமாக ஒவ்வொருவராகக் குனிந்து உள்ளே வந்தார்கள். எல்லோருக்கும் அந்தப் பெட்டி அட்டைதான் வேண்டும். மச்சானின் கோபம் போன இடம் தெரியவில்லை, சுறுசுறுப்பாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். என் மகள் சுவர் ஓரமாக ஒதுங்கி நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். நாங்கள் ஒன்று வாங்குவதற்காகத் திறந்த கடையில் அந்தப் பெட்டிக்காரர்களுக்கு இத்தனை வியாபாரம். உங்கள் அம்மாக்களும் தரையில் உட்காரப் போகிறார்கள் என்று அந்தப் பிள்ளைகளிடம் கத்தலாமா என்று வந்தது. கடை என்னுடையது இல்லையே.

கடைசியாக, சின்னவள் வயதில் ஒரு சிறுமி வந்தாள். “அங்கிள், அந்தப் படகு கேம் ரெண்டாவது வந்துருச்சாமே. பென்டிரைவ்ல போட்டுத் தருவீங்களா?”

மச்சானின் கை சட்டைப் பைக்குப் போய் நின்றது. சுவர் ஓரம் ஒரு பார்வை பார்த்தார்.

“இல்லம்மா. அது அட்டை வாங்கித்தான் ஆடணும்.”

“போன தடவ போட்டுக் கொடுத்தீங்களே.”

“போன தடவ என் மருமக இங்க நிக்கல.”

சிறுமி பெட்டி அட்டைகளைப் பார்த்தாள், பிறகு கையிலிருந்த உறையைப் பார்த்தாள். யோசித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். ஒரு வியாபாரம் போச்சு மாப்ள, உன் மகள் இங்கே நின்றால் நான் கடையை மூட வேண்டியதுதான் என்று மச்சான் முனகினார். அதைக் கேட்பதற்கு என் மகள் அங்கே இல்லை. ஷட்டருக்குக் கீழே குனிந்து அந்தச் சிறுமியின் பின்னாலேயே போய்விட்டாள்.

வீட்டிலிருந்து மனைவி கைப்பேசியில் அழைத்தாள். சோறு ஆறுகிறது, எல்லோரும் எங்கே போய்த் தொலைந்தீர்கள் என்றாள். வெளியே வந்து பார்த்தால், கடை முன்னால் நடைபாதையில் நின்றுகொண்டு என் மகள் இரண்டு கையையும் ஆட்டி ஆட்டி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். போகலாம் வா என்று கூப்பிட்டேன்.

“ரெண்டு நிமிஷம்ப்பா” என்றாள், திரும்பிக்கூடப் பார்க்காமல்.

நானும் மச்சானும் ஷட்டரைப் பிடித்துக்கொண்டு நின்றோம். அந்தச் சிறுமி உறையை இன்னும் பிரிக்கவில்லை. கேட்டுக்கொண்டிருந்தாள்.