ஐம்பது மீட்டர் பவளமும் எங்கள் வீட்டுச் சுண்ணாம்பும்

கடலுக்கடியில் ஐம்பது மீட்டர் டேப்பை விரித்து, அதன் மேலேயே நீந்திக்கொண்டு, கீழே எந்தப் பவளம் உயிரோடிருக்கிறது, பக்கத்தில் எந்த மீன் திரிகிறது என்று பிளாஸ்டிக் பலகையில் பென்சிலால் எழுதுவதற்குப் பெயர்தான் பவளப்பாறைக் கணக்கெடுப்பு. அதில் ஒரு கஷ்டமும் கிடையாது. கஷ்டமெல்லாம் கரையேறி, ரயில் பிடித்து, ஆவடியில் இறங்கிய பிறகுதான். என்ன வேலை பார்க்கிறோம் என்பதைச் சொந்த வீட்டிலேயே புரியவைக்க முடியாமல் தவிக்கும் அன்பர்களே, நீங்களும் நானும் ஒரே கட்சி.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. அப்பாவுக்கு ராணுவத் தொழிற்சாலையில் வேலை. எனக்கு மன்னார் வளைகுடாவில் ஒரு தீவைச் சுற்றிக் கணக்கெடுக்கும் வேலை. பாதி மாதம் அங்கே. மீதிப் பாதி குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து அறிக்கை எழுதுவேன். சுண்ணாம்புக் காளவாய்களுக்காக வள்ளங்களில் திருட்டுத்தனமாக வந்து பவளத்தை உடைத்துப்போகிறவர்கள் அந்தத் தீவில் அதுவரை கை வைக்காதது தெற்குப் பாறை ஒன்றுதான். அதையாவது காப்பாற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரே பிடிவாதம்.

செவ்வாய் தோஷம்

எதிர் வீட்டு அக்காவின் மகளுக்குச் செவ்வாய் தோஷம். சிவப்புப் பவளத்தில் மோதிரம் போட்டால் வரன் அமையும் என்று ஜோசியர் சொல்லிவிட்டாராம். நான் தீவிலிருந்து வந்து பையை இறக்கக்கூட விடாமல், அக்கா கையை நீட்டிக்கொண்டு நிற்பார்.

"அக்கா, அந்தப் பவளம் வேற ஜாதி. நான் பாக்குற கடல்ல அது கிடையாது. நான் எண்ணுறது பழுப்பும் பச்சையுமா இருக்கும். அது உயிருள்ளது, அதைப் பிடுங்கவும் கூடாது" என்று ஆறு தடவையாவது விளக்கியிருப்பேன். ஏழாவது தடவை அக்காவுக்குக் கண்ணில் நீர் கோத்துவிட்டது. "கடலுக்குள்ளயே போய்ட்டு வந்து கையை விரிக்கிறியே தம்பி, என் பொண்ணு கல்யாணம் உன்னாலதான் நிக்குது."

காற்றுக்கு விசாரணை

முக்குளிக்கும் சிலிண்டர் ஒன்றை ஐயப்பன்தாங்கலில் இருந்த நண்பனிடம் இரவல் வாங்கிக்கொண்டு, பூந்தமல்லியில் ஆவடி பஸ் ஏறினேன். கேஸ் சிலிண்டர் ஏற்றக் கூடாது என்றார் கண்டக்டர். கேஸ் இல்லை, வெறும் காற்று என்றேன். அதற்குள் எனக்கு முன்னும் பின்னும் நான்கு சீட் காலி. தண்ணீருக்கடியில் மூச்சு விடுவதற்கான காற்று என்று மொத்த பஸ்ஸுக்கும் கேட்கும்படி விளக்கினேன். கண்டக்டர் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"மேல இம்மாம் காத்து சும்மா கீது. அத்த வுட்டுட்டு தண்ணிக்குள்ள போயி இன்னாத்துக்கு நைனா மூச்சு வுடுற?"

மூஞ்சி இல்லாத ரோல்

தெற்குப் பாறையை அங்குலம் அங்குலமாகப் படமெடுத்து வந்தேன். எண்ணிக்கையோடு படமும் இருந்தால்தான் மேலதிகாரிகள் நம்புவார்கள். ஆவடி ஸ்டேஷன் பக்கத்து ஸ்டுடியோவில் ரோலைக் கொடுத்துவிட்டு நான்கு நாள் கழித்துப் போனால், ஸ்டுடியோக்காரர் வெறுங்கையோடு சிரிக்கிறார். முப்பத்தாறு படத்தில் ஒரு மூஞ்சி கூட இல்லையாம், முழுக்க நீலம் பாய்ந்திருந்ததாம். கேமராவுக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது என்று நினைத்து நெகட்டிவைக் குப்பையில் போட்டுவிட்டார்.

கத்தினேன், கெஞ்சினேன், குப்பையைக்கூடக் கிளறிப் பார்த்தேன். அவர் டீ வாங்கிக் கொடுத்துச் சமாதானம் சொன்னார். "கல்லத்தான் எடுத்தேன்னு முன்னாடியே சொல்றதில்ல மாமே? கல்லு எங்க ஓடிறப் போவுது? அடுத்த வாட்டி போறப்போ எடுத்துகினு வா."

மணல்

அடுத்த மாதம் அதே இடத்தில் குதித்து டேப்பை விரித்தேன். கீழே பாறை இல்லை. உடைந்த துண்டுகளும் மணலும்தான். கிளிமீன்கள் நான்கைந்து, வீட்டைக் காணாதவை மாதிரி சுற்றிச்சுற்றி வந்தன. பலகையில் மணல், மணல், மணல் என்று ஐம்பது மீட்டருக்கும் எழுதினேன். முகமூடிக்குள் அழுதால் துடைக்க முடியாது என்பதும் அன்றுதான் தெரிந்தது.

சென்னையில் வனத்துறை அதிகாரியிடம் பழைய எண்ணிக்கையையும் புதிய எண்ணிக்கையையும் நீட்டினேன். அவர் பொறுமையாகத்தான் படித்தார். "முன்னாடி பாறை இருந்துச்சுங்கறதுக்குப் படம் இருக்கா சார்? இல்லேன்னா மணல் எப்பவும் மணலாத்தானே இருந்திருக்கும்."

சித்தப்பாவின் பாசம்

அப்பா ஓய்வுபெறும் நேரம். நெமிலிச்சேரியில் மனை வாங்கி வீடு எழும்பிக்கொண்டிருந்தது. வெள்ளையடிக்க, கடற்கரை ஊரிலிருக்கும் சித்தப்பா லாரியில் சுண்ணாம்பு மூட்டைகள் அனுப்பியிருந்தார். கூடவே ஒரு கடிதம்: "தீவுத் தெற்குக் கல் இப்போதுதான் காளவாய்க்கு வந்திருக்கிறது. நம் வீட்டுக்கென்று நல்லதாகப் பார்த்து வாங்கியிருக்கிறேன்."

கொத்தனார் சுண்ணாம்பைக் குழியில் கொட்டித் தண்ணீர் ஊற்ற, அது கொதித்து அடங்கியது. வேகாத கற்களை அவர் பொறுக்கி வெளியே போட்டார். ஒன்றை எடுத்துத் துடைத்தேன். பூப்பூவாகக் குழிகள். இன்னொன்றில் மூளை மாதிரி மடிப்பு. எத்தனையோ தடவை பலகையில் பெயர் எழுதியவை. செங்கல் அடுக்கின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். கொத்தனாருக்கு என்னைப் பார்க்கப் பாவமாக இருந்திருக்க வேண்டும். "இன்னா சார், கல்லப் பாத்துகினு கண்ணு கலங்குற? வேவாத கல்லு எல்லா லோடுலயும் வர்றதுதான்."

முதல் கேஸ்

இரண்டு கல்லையும் சித்தப்பாவின் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு மறுநாளே அதிகாரியிடம் ஓடினேன். கல்லை உருட்டிப் பார்த்தார், கடிதத்தை இரண்டு தடவை படித்தார், பேனா மூடியைத் திறந்தார்.

"ஆதாரம் பிரமாதம் சார். வாங்கினது உங்க சித்தப்பா, வெள்ளையடிக்கிறது உங்க அப்பா. முதல் கேஸ் அவங்க ரெண்டு பேர் மேலதான். எழுதட்டுமா?"

"எழுதுங்க" என்றேன். வள்ளக்காரர்கள் பாறையில் கை வைப்பது நின்றதோ இல்லையோ, சித்தப்பா எங்கள் வீட்டில் கால் வைப்பது அன்றோடு நின்றுபோனது.