எட்டு விளக்கும் முனியம்மாவின் சம்பாவும்

போன வாரம் படுக்கையறைக்குத் திரைச்சீலை வாங்கப் போனேன். எதிர் அடுக்ககத்து விளக்கு நேராகக் கண்ணில் அடிக்கிறது, தூங்க முடியவில்லை. கடைக்காரர் துணியை உதறியதும் ஒரு கஞ்சி வாடை வந்தது பாருங்கள், கும்மிடிப்பூண்டியில் நான் முதன்முதலாக வேலை பார்த்த நாட்கள் அப்படியே மூக்கில் ஏறிவிட்டன.

அங்கே ஒரு புதுக் குடியிருப்புக் கட்டுமானத்தில் எனக்கு வேலை. பதவியின் பெயர் 'சுற்றுப்புறக் காட்சிப் பொறுப்பாளர்'. அது என்ன வேலை என்று எனக்கும் தெரியாது, கொடுத்தவர்களுக்கும் தெரியாது. பத்து மாடிக் கட்டடம் ஊர்க்காரர்களின் கண்ணை உறுத்தக் கூடாது என்று அனுமதிக் கடிதத்தில் ஒரு வரி இருந்ததாம். மேலாளர் யோசித்தார். மதிலின் வெளிப்பக்கம் நெடுக நெல்வயலை வரையச் சொன்னார், கட்டடம் மறைந்துவிடுமாம். எளாவூரில் லாரிகளுக்குப் பெயின்ட் அடிக்கிறவர் வந்து, கதிர் ஒவ்வொன்றையும் வாழைத்தார் கனத்தில் வரைந்து கொடுத்தார். அவ்வளவு அழகான படம் இருட்டில் வீணாகலாமா? விடிய விடிய எரிகிற மாதிரி எட்டு ஃபோகஸ் விளக்குகள் போட்டோம். வெளிச்சம் மதிலோடு நிற்காமல் பக்கத்து வயலிலும் கொட்டியது.

அந்த நிஜ வயல் முனியம்மாவுடையது. மார்கழியில் ஊரெல்லாம் சம்பா தலை சாய்த்துவிட்டது. அவருடைய பயிர் மட்டும் கதிரே விடாமல் பச்சைப்பசேலென்று நின்றது. ஒரு நாள் காலை நான் இட்லிப் பொட்டலத்தைப் பிரிக்கும்போது வந்தார்.

"நாஷ்டா அப்புறம் துன்னலாம் சார். எம் பயிரு ராவெல்லாம் முழிச்சிக்கினு கீது. இருட்டு இல்லாம எப்டி சார் கதிரு வுடும்?"

"நெல்லுக்குக்கூடவா தூக்கம்?" என்று சிரித்தேன். கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கூட்டிப் போய்க் காட்டினார். எங்கள் விளம்பரப் பலகை விளக்கை மறைத்து இரவில் நிழல் விழுகிற மூலையில் மட்டும் கதிர் வந்திருந்தது, பலகை அளவுக்கே சதுரமாக. என் சிரிப்பு நின்றுவிட்டது.

மேலாளரிடம் சொன்னேன். "விளக்க அணைச்சா படம் எப்படிய்யா தெரியும்?" என்றார். நியாயமான கேள்விதான்!

முனியம்மா காத்திருக்கவில்லை. மூங்கில் நட்டு, வீட்டிலிருந்த பருத்திப் புடவைகளைக் கஞ்சி விறைப்போடு வரிசையாகக் கட்டி விளக்கை மறைத்தார். வீடு பார்க்க வந்தவர்கள் முகம் சுளித்தார்கள். கடைசியில் என் பதவிக்கும் ஒரு வேலை கிடைத்தது: புடவைகளால் சுற்றுப்புறக் காட்சி கெடுகிறது என்று முனியம்மாவுக்கு நோட்டீசு. நான்தான் எழுதினேன், ஒரு பிழை இல்லாமல்.

அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். "நாங்க கண்ண உறுத்துறமா சார்?" என்று மட்டும் கேட்டார். புடவைகளை அவிழ்த்து, மடித்து எடுத்துக்கொண்டு போனார்.

பொங்கலுக்கு ஊரே அறுவடை செய்தது. முனியம்மா தன் பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டார். அதற்குள் மேலாளர் அதைப் படம் பிடித்து, 'என்றும் பச்சை' என்று விளம்பரமே கொடுத்துவிட்டார்.

இதை யாரிடமும் சொன்னதில்லை, வெட்கம். அந்த எட்டு விளக்குக்கும் சுவிட்ச் என் நாற்காலிக்குப் பின்னால்தான் இருந்தது. தினமும் சாயங்காலம் அதைப் போட்டுவிட்டு வீட்டுக்குக் கிளம்பியவன் நான்.

நேற்று அங்கே போய்ப் பார்த்தேன். வயல் கார் நிறுத்துமிடமாகிவிட்டது. பொழுது சாய்ந்ததும் விளக்குகள் தாமாக எரிந்தன. எங்கே அணைப்பது என்று காவலாளியிடம் கேட்டேன்.

"இதுக்கு சுவிட்சே கெடையாது சார்" என்றார்.