சகலனின் பெடல் இரைவதில்லை

எங்கள் வளவில் இரண்டு வீடுகள். நடுவில் இடுப்பளவு உயரத்தில் ஒரு அரைச்சுவர். இந்தப் பக்கம் நானும் மனைவியும் பிள்ளைகளும். அந்தப் பக்கம் மனைவியின் தங்கையும் அவளுடைய மாப்பிள்ளையும். அந்த மாப்பிள்ளை, அதாவது என் சகலன், நிந்தவூரில் இருந்து வந்தவன். அவனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தையும் எழுதக் கூடாது என்ற எண்ணத்தோடுதான் தொடங்குகிறேன். கடைசிவரை தாக்குப்பிடிப்பேனா தெரியாது.

நான் கல்முனை பஜாரில் போன் திருத்துகிறவன். அது சோற்றுக்கு. பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு வீட்டுக்கு வந்தால் பின் அறையில் வேறு வேலை தொடங்கும். கிட்டார்காரர்கள் காலால் மிதிக்கிற பெடல்களைத் திறந்து, பழுது பார்த்து, அவர்கள் கேட்கிற மாதிரி மாற்றிக் கொடுப்பேன். அதிலும் கொம்ப்ரெஸர் என்றால் எனக்கு உயிர். எங்கள் ஊரில் கொம்ப்ரெஸர் என்று சொன்னால் பிரிட்ஜுக்குப் பின்னால் இருப்பதைத்தான் நினைப்பார்கள். பேரைக் கேள்விப்பட்டு ஒருவர் பிரிட்ஜையே ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு வந்து என் வாசலில் இறக்கிவைத்தார். திருப்பி அனுப்புவதற்குள் எனக்குப் போதும் போதுமென்றாகிவிட்டது.

நான் சொல்லும் கொம்ப்ரெஸர் உள்ளங்கையில் அடங்குகிற ஒரு தகரப் பெட்டி. கிட்டார் தந்தியை ஓங்கி அடித்தால் அது சத்தத்தை அமுக்கும். மெல்லத் தொட்டால் தூக்கிவிடும். இரண்டையும் ஒரு மட்டத்துக்குக் கொண்டுவந்து, ஒரு சுரத்தை நீண்ட நேரம் அறுந்துபோகாமல் வைத்திருக்கும். அதில் ஒரு கோளாறும் உண்டு. சுரம் தேய்ந்து போகும்போது அதைத் தூக்குகிறேன் என்று கிளம்பி, அடியில் கிடக்கும் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கிவிடும். பாட்டு ஓய்ந்த இடத்தில் 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் எழும்பி வரும். ஆகவே கொம்ப்ரெஸர் வேலை என்பது பாதி இரைச்சலோடு மல்லுக்கட்டுகிற வேலை. இரையாத ட்ரான்சிஸ்டராகப் பார்த்து மாற்ற வேண்டும். தந்தியில் விழுகிற முதல் அடியை அது விழுங்காமல் விடுவதற்குக் கெப்பாசிட்டரின் அளவைக் கொஞ்சம் கூட்டிக் குறைக்க வேண்டும். கடற்காற்றில் பச்சை பூத்துப்போன குமிழ்களைக் கழுவ வேண்டும். இதெல்லாம் எனக்குத் தண்ணீர்பட்ட பாடு. பாண்டிருப்பு, காரைதீவுப் பக்கத்துக் கோயில் திருவிழாக்களில் வாசிக்கிற இசைக்குழுக்காரர்கள் என்னிடம்தான் வருவார்கள். அந்தப் பெருமை எனக்கு இருந்தது. இல்லை என்று நடிக்க மாட்டேன்.

சகலன் வந்தான். பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கிற மாஸ்டர். வந்தவன் பெட்டியோடு ஒரு கிட்டாரையும், அதன் சத்தத்தைப் பெருக்குகிற சின்ன அம்ப் ஒன்றையும் கொண்டுவந்தான். அதைப் பார்த்ததுமே எனக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. பிறகு யூடியூப் பார்த்துத் தானே ஒரு கொம்ப்ரெஸரைச் செய்துகொண்டான். அவனுடைய ஈயப்பற்றைப் பார்த்திருக்கிறேன். சாம்பல் நிறத்தில், கட்டி கட்டியாக, சிந்தின பாயாசம் மாதிரி இருக்கும். அந்தக் கேவலமான பற்றுகளோடு அந்தப் பெட்டி எப்படி ஒலித்தது என்கிறீர்கள்? சுத்தமாக ஒலித்தது. அரைச்சுவருக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பேன். சுரம் நீண்டு, மெலிந்து, இல்லாமல் போகும். அதற்குப் பிறகு ஒன்றுமே இருக்காது. முனகல் இல்லை, மூச்சு இல்லை. நான் வாயை மூடிக்கொண்டு உள்ளே போவேன்.

அவன் வந்ததோடு இன்னொன்றும் நடந்தது. எங்கள் ஊர்ப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போகிறவன். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்துவிட்டு, அடுத்த மகளுக்கு வீடு கட்டி, அவளுக்குக் கல்யாணம் ஆனதும் பெற்றவர்கள் அவளோடு போய்விடுவார்கள். மாமா மௌத்தாகி நாளாகிவிட்டது. மாமி, அதாவது என் மனைவியின் உம்மா, தனியாள். இளையவளின் கல்யாணத்தோடு மாமியும் தன் தலையணையையும் தஸ்பீஹ் மணியையும் எடுத்துக்கொண்டு அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் போய்விட்டார். கூப்பிடு தூரம்தான். ஆனால் காலைத் தேநீரை அங்கே ஊற்றினார். இரண்டு வீட்டு மீனையும் அங்கேயே கழுவிப் பொரித்து, முதலில் அங்கே வைத்தார். புது மருமகனுக்குத் தலைத்துண்டு போகும். எனக்கு வால்துண்டு, அதுவும் மூடிவைத்த கோப்பையில் மனைவியின் கையில் வரும். தலைத்துண்டு எனக்குப் பிடிக்காது என்பது வேறு விஷயம்.

சரியாக அந்தக் காலத்தில்தான் என் அறையில் இரைச்சல் தொடங்கியது.

முதலில் ஒரு பெடலில் என்று நினைத்தேன். பிறகு எல்லாவற்றிலும் கேட்டது. என் கையால் செய்து வைத்த, பல வருடமாகக் குறை சொல்லாத கொம்ப்ரெஸரிலும் சுரம் தேய்ந்ததும் முனகல் எழும்பியது. ட்ரான்சிஸ்டரை மாற்றினேன். ஐ.சி.யை மாற்றினேன். வயர்களைக் குட்டையாக்கி, பெட்டிக்கு உள்ளே தகரத் தடுப்பு வைத்தேன். அடப்டரை விட்டுவிட்டு பேட்டரியில் போட்டுப் பார்த்தேன். கொஞ்சம் குறைந்தது, போகவில்லை. தந்தியில் கை வைத்தால் இரைச்சல் தணியும், எடுத்தால் ஏறும். கிட்டாரின் உள் வயர் என்று நினைத்து அதையும் பிரித்து மேய்ந்தேன். இத்தனைக்கும் நடுவில் பக்கத்து வீட்டில் இருந்து அவனுடைய சுத்தமான சுரம் வந்துகொண்டிருந்தது.

எந்தத் திருத்துகிறவனும் முதலில் செய்வது ஒன்றிருக்கிறது. சந்தேகமான சாமானை வேறொரு இடத்தில், வேறொரு அம்பில் போட்டுப் பார்ப்பது. என் கடைக்கு வருகிற பொடியன்களுக்கே அதைத்தான் சொல்வேன். எனக்கு அந்த வேறு இடம் அரைச்சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே போய் அவனிடம், உங்கள் அம்பில் ஒருமுறை போட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்க வேண்டும். அதைவிட அந்தப் பெட்டியைக் கடலில் எறிவேன்.

இப்படி இருக்கையில் பாண்டிருப்பில் இருந்து எனக்குப் பழக்கமான ஒரு கிட்டார்காரர் வந்தார். திருவிழாக் காலம் நெருங்கிவிட்டது, தன் பழைய கொம்ப்ரெஸர் மிகவும் இரைகிறது, மேடையில் வெட்கமாயிருக்கிறது என்றார். வாங்கி வைத்து, என் வாழ்நாளில் செய்த மிக நல்ல வேலையை அதில் செய்தேன். பொய் சொல்லவில்லை. ஒவ்வொரு பற்றும் கண்ணாடி போல இருந்தது. அவர் வந்து என் அறையில் வாசித்தார். சுரம் அழகாக நீண்டது. தேய்ந்ததும் எழும்பியது அந்தப் பாழாய்ப்போன முனகல். என் முகத்தில் ஈயாடவில்லை.

அவர் நல்ல மனிதர், முகம் சுளிக்காமல் எழும்பினார். பெட்டியை எடுத்துக்கொண்டு வெளியே போனார். வாசலில் என் சகலன் மோட்டார் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றான். இரண்டு பேரும் கதைத்தார்கள். பிறகு இரண்டு பேருமாக அவன் வீட்டுக்குள் போனார்கள். நான் யன்னலுக்குப் பக்கத்தில் நின்றேன். கிட்டார் ஒலித்தது. சுரம் நீண்டது, தேய்ந்தது, போனது. ஒரு இரைச்சலும் இல்லை. பாண்டிருப்புக்காரர் வெளியே வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கியதை நான் என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன்.

மஃரிபு தொழுது இருட்டின பிறகு அவன் அரைச்சுவரருகே வந்தான். மூத்தவன் என்று என்னைக் காக்கா என்றுதான் கூப்பிடுவான்.

"காக்கா, நான் ஒண்டும் செய்யல்ல. சும்மா என்ட அம்பில குத்திப் பாத்தன், அவ்வளவுதான்."

ஒன்றும் செய்யாமலே என் வேலையைச் சரியாக்கிவிட்டானாம். தலையை ஆட்டிவிட்டு உள்ளே வந்து கதவைச் சாத்தினேன். இரவுச் சாப்பாட்டைப் பாதியில் தள்ளிவைத்தேன். மனைவி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்க அவரோட பெடலுக்காகக் கோவமா, எங்கட உம்மாவுக்காகக் கோவமா?" என்று கேட்டாள்.

 பதிலை எதிர்பார்க்காமல் என் சோற்றுக் கோப்பையை எடுத்துக்கொண்டு எழும்பினாள்.

சில நாட்கள் கழித்து, சகலன் பள்ளிக்கூடம் போயிருந்த, நான் இன்னும் கடை திறக்கப் போகாத ஒரு முற்பகலில் மாமி சுவருக்கு அப்பால் இருந்து கூப்பிட்டார். மின்விசிறி சத்தம் போடுகிறதாம், ஒருக்கா வந்து பார்க்கட்டாம். ஸ்க்ரூ டிரைவரோடு என் கொம்ப்ரெஸரையும் சாரத்துக்குள் செருகிக்கொண்டு போனேன். மின்விசிறியை இரண்டு நிமிடத்தில் இறுக்கினேன். மாமி மீன் கழுவப் பின்பக்கம் போனார். நான் சகலனின் அறைக்குள் நுழைந்து, அவன் அம்பைப் போட்டு, அவன் கிட்டாரில் என் பெடலைக் கோத்து, ஒரு தந்தியைத் தட்டினேன்.

சுரம் நீண்டு தேய்ந்து அடங்கியது. பிறகு அமைதி.

ஒரு கணம் சந்தோஷம் தாங்கவில்லை. என் வேலை குறையில்லாத வேலை. அடுத்த கணம் ஆத்திரம் வந்தது. அப்படியானால் குறை என் வீட்டில். ஏன் என் வீட்டில் மட்டும்? யன்னலால் வெளியே பார்த்தேன். நேர் கீழே மாமி குந்தியிருந்து, சூடை மீனை உப்புப் போட்டு உரசிக் கழுவிக்கொண்டிருந்தார். கழுவின தண்ணீர் மண்ணில் இறங்கி, சுவரோரமாகக் கறுத்த ஈரமாகக் கிடந்தது. அந்த ஈரத்துக்கு நடுவில் சுவரில் இருந்து ஒரு பச்சை வயர் இறங்கி, நிலத்தில் அடித்த செப்புக்கம்பியில் கட்டியிருந்தது. வீட்டின் ஏர்த் கம்பி. மின்சாரத்தில் கசிகிறதையும் அதோடு வருகிற இரைச்சலையும் மண்ணுக்குள் இறக்கிவிடுகிற கம்பி.

ஓட்டமாக என் வீட்டுப் பின்பக்கம் வந்தேன். என் யன்னலுக்குக் கீழேயும் அதே மாதிரி ஒரு கம்பி. அதற்குப் பக்கத்தில் மாமி வருடக்கணக்காக மீன் கழுவிய கல்லும் அப்படியே கிடந்தது. மண் மட்டும் சுடுமணலாகக் காய்ந்து, கம்பியைத் தொட்டால் ஆடியது. எங்கள் ஊர் மண் கடற்கரை மணல். ஈரம் இல்லாவிட்டால் அதற்குள் கம்பி இருந்தும் ஒன்றுதான், இல்லாவிட்டாலும் ஒன்றுதான். இத்தனை காலமும் என் கொம்ப்ரெஸர்களை இரையாமல் வைத்திருந்தது என் கைத்திறமை மட்டும் அல்ல. மாமி நாள்தோறும் ஊற்றிய உப்புத் தண்ணீரும்தான். மாமி அந்தப் பக்கம் போனார், ஈரமும் அந்தப் பக்கம் போய்விட்டது. சகலன் உண்மையிலேயே ஒன்றும் செய்யவில்லை. மாமியைத் தவிர அவன் என்னிடம் இருந்து ஒன்றும் எடுக்கவில்லை.

ஒரு வாளித் தண்ணீரில் உப்பைக் கரைத்து ஊற்றிவிட்டு உள்ளே போய் வாசித்தேன். முனகல் போய்விட்டது. உடனே மாமியிடம் போனேன். பாண்டிருப்புக்காரரின் பெடல் நான் செய்ததுதான், அதில் ஒரு குறையும் இருக்கவில்லை என்று மூச்சு விடாமல் சொன்னேன். மாமி மீனில் இருந்து கண்ணை எடுக்கவில்லை.

"அத சின்ன மருமகன் அண்டைக்கே சொல்லிட்டாரே. எல்லாம் காக்காட வேலை, நான் தொடவே இல்ல எண்டுதான் அந்த ஆளுக்கிட்டயும் சொன்னவர்."

அவன் நல்லவனாகவும் இருந்து தொலைக்கிறான். ஒரு மனிதன் மேல் நிம்மதியாக வயிறெரிவதற்குக்கூட எனக்கு வழியில்லை.

இரண்டு நாளில் மண் காய்ந்து, இரைச்சல் திரும்பி வந்தது. மாமியிடம் மெல்லப் பேச்சைத் தொடங்கினேன். எங்கள் பக்கத்துக் கல் சும்மாதானே கிடக்கிறது, நிழலும் அங்கேதான் கூட, மீனை அங்கே வந்து கழுவலாமே என்றேன். மாமி கையைக் கழுவி முந்தானையில் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"உங்கட யன்னலுக்குக் கீழ கழுவினா நாறுது எண்டு எத்தின தரம் சொன்னீங்க மகன். சின்னவர் ஒரு நாளும் சொல்லல்ல."

கோபமாகச் சொல்லவில்லை. இருக்கிறதைச் சொன்னார். நான் சொன்னது உண்மைதான். மாமி இங்கே இருந்த காலம் முழுக்க, ஈயம் வைக்கும்போது நாற்றம் தாங்க முடியவில்லை என்று யன்னலை அடித்துச் சாத்தியவன் நான்தான்.

இப்போது எங்கள் வீட்டு மீனை நான்தான் கழுவுகிறேன். மீன்காரரின் ஹோர்ன் கேட்டதும் நானே போய் வாங்கி, என் யன்னலுக்குக் கீழே அந்தக் கல்லில் குந்துகிறேன். பஜாரில் கடை கொஞ்சம் பிந்தித் திறக்கிறது. ஏர்த் கம்பியை எடுத்துவிட்டு நீளமானதாக ஆழத்தில் இறக்கினால் தண்ணீரே ஊற்றத் தேவையில்லை, ஒரு மணித்தியால வேலை என்று எனக்கும் தெரியும். மனைவியும் சொல்கிறாள். இந்த நாற்றத்தில் என்னத்துக்கு இந்தப் பாடு என்று கேட்கிறாள்.

நான் இறக்கப் போவதில்லை. நான் கல்லில் குந்தியதும் மாமி அரைச்சுவருக்கு வந்துவிடுகிறார். செதிள் போகவில்லை என்பார். செவுளுக்குள் இருக்கிற பூவை ஒழுங்காக எடுக்கவில்லை என்பார். உப்புக் காணாது, இன்னும் போடுங்கள் என்பார். சில நாட்களில் உள்ளே இருந்து சகலன் தேநீர் கேட்டு மாமியைக் கூப்பிடுவான்.

"இருங்க மகன், வாறன்" என்று அவனுக்குச் சொல்லிவிட்டு, மாமி என் மீனைத்தான் பார்த்துக்கொண்டு நிற்பார்.