மேடைக்கு மேலே வரி தள்ளுபவள்

ஆப்பரா மேடைக்கு மேலே ஒரு சின்னத் திரையில் பாட்டின் அர்த்தம் வரிவரியாக ஓடுகிறதே, அதை யாரோ ஒருத்தி உட்கார்ந்து தள்ளுகிறாள் என்பது யாருக்கும் தெரியாது. தப்பாகத் தள்ளினால் மட்டும் உடனே தெரிந்துவிடும். ஒழுங்காகச் செய்தால் கண்ணிலேயே படாத வேலை பார்க்கும் அத்தனை பேரும் என் சொந்தக்காரர்கள். உங்களிடம்தான் இதைச் சொல்லி அழ முடியும்.

படிப்புக்கேற்ற வேலை

நான் பாளையங்கோட்டைக்காரி. சர்ச் பாடற்குழுவில் மேற்கத்திய இசைக்குறிப்பு படிக்கக் கற்றதும், கனடாவில் மாண்ட்ரியலுக்கு வந்து இசைத் தொழில்நுட்பம் படித்ததும் சேர்ந்து இந்த வேலையை வாங்கித் தந்தன. அரங்கின் பின்பக்கம் ஒரு கண்ணாடி அறை, மடியில் பாட்டுப் புத்தகம், விரலுக்கடியில் ஒரு பொத்தான். பாடுபவர் வாயைத் திறக்கும் நொடியில் அமுக்கினால், அடுத்த வரி பிரெஞ்சிலும் ஆங்கிலத்திலும் மேலே வரும்.

பார்க் எக்ஸ்டென்ஷன் பேட்டையில் நான் வாடகை கொடுக்கும் வீட்டுக்காரர் யாழ்ப்பாணத்துக் குணம் அண்ணை. எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்: "ஒரு பொத்தான் அமத்துறதுக்கோ தங்கச்சி இவ்வளவு தூரம் வந்து படிச்சனீர்?"

முந்திக்கொண்ட ரகசியம்

இந்த வருடம் ஒரு புது ஆப்பரா. கணவன் ரயில்வே போர்ட்டர்; இத்தாலிய முறையில் கண்ணியமாகப் பாடுவான். மனைவி கிளப் பாடகி. ஜாஸும் புளூஸும்தான் அவளுக்கு. மூன்றாம் அங்கத்தில் "சொல்லவா, வேண்டாமா" என்று நான்கு தடவை பாடிவிட்டு, "நான் காதலிப்பது உன் தம்பியை" என்று அவள் போட்டுடைக்க வேண்டும்.

ஒத்திகைக்குக் கொஞ்சம் பேரை அழைத்திருந்தார்கள். புத்தகத்தில் நான்கு தடவைதான் இருந்தது. நானும் நான்கு எண்ணி அமுக்கிவிட்டேன். கதாநாயகி டெனீஸோ உற்சாகத்தில் ஐந்தாவது தடவை "சொல்லவா" என்று ஆரம்பித்துவிட்டார். தலைக்கு மேலே தம்பி விவகாரம் இரண்டு மொழிகளில் ஓட, ஒன்றும் அறியாத கணவன் கீழே பாசத்தோடு நிற்க, அரங்கமே விழுந்து விழுந்து சிரித்தது. எனக்கு அழுகை முட்டியது. கண்ணாடி அறையில் அதற்கும் வழியில்லை. மேடை நிர்வாகி சில்வி கதவைத் திறந்தார்: "இன்னைக்கு ஒத்திகை, போகட்டும். ஞாயிற்றுக்கிழமை முதல் காட்சியிலயும் சிரிச்சாங்கன்னா, திங்கட்கிழமை இந்த நாற்காலியில வேற ஆள்."

நேராகவே கேட்டேன்

மறுநாள் டெனீஸின் ஒப்பனை அறைக்குப் போனேன். அவர் தொண்டைக்கு ஆவி பிடித்துக்கொண்டிருந்தார். ஐந்தா, ஆறா, ஏதாவது ஒன்றைச் சொல்லிவிடுங்கள், என் வேலையே அதில்தான் இருக்கிறது என்று கெஞ்சினேன். துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது: "எத்தனை தடவைன்னு எனக்கே தெரிஞ்சிட்டா, நான் எதுக்கு பாடணும்? நீயே அமுக்கிட்டுப் போயிடலாமே!"

ஞாயிறு மதியம்

ஒத்திகையின் பதிவை வீட்டில் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். ரகசியத்தை உடைக்கும் முன் டெனீஸின் இடது குதிகால் லேசாக எழும்பியது. நம்மூர்க் கச்சேரியில் பாடகர் ஒரே வரியை வைத்துக்கொண்டு விளையாடும்போது மிருதங்கக்காரர் புத்தகத்தையா பார்க்கிறார்? பாடகரைத்தானே பார்க்கிறார்.

ஞாயிறன்று, மூன்றாவது வரிசையில் என் இலவச டிக்கெட்டில் குணம் அண்ணை. மூன்றாம் அங்கம் வந்ததும் புத்தகத்தை மூடினேன். எங்கள் தொழிலில் அது பெரிய பாவம். "சொல்லவா" ஒரு முறை காட்டி, திரையை வெறுமையாக்கிவிட்டு, குதிகாலையே பார்த்தேன். ஐந்து, ஆறு, ஏழு. சாக்ஸபோன்காரரும் சேர்ந்து சீண்டுகிறார். ஒன்பதாவது தடவை குதிகால் எழும்பியது, அமுக்கினேன். ரகசியம் அவர் வாயிலும் திரையிலும் ஒன்றாக வந்து விழுந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் யாரோ மூக்கை உறிஞ்சினார்கள். காதுக்கருவியில் சில்வி "மெர்சி" என்று நன்றி சொன்னார். திங்கட்கிழமையும் நாற்காலி எனக்குத்தான்.

பூரித்துப்போய் வெளியே வந்தேன். குணம் அண்ணை கோட்டை மாட்டிக்கொண்டு, இரக்கத்தோடு என்னைப் பார்த்தார்: "பாட்டு நல்லாத்தான் இருந்தது. ஆனா அந்தப் பிள்ளை உருகி உருகிப் பாடேக்கை மேல ஒரு எழுத்தையும் காணேல்லை. நித்திரை கொண்டிட்டீரோ தங்கச்சி?"

ஆக, பொத்தானை அமுக்காமல் இருந்ததற்காகவே வேலையில் நீடிக்கிறேன், அதை என் வீட்டுக்காரரிடம் மட்டும் இன்றுவரை நிரூபிக்க முடியவில்லை.