பல் படாத செருப்பு

செங்கல்பட்டில் ஓர் அரசு அலுவலகத்தில் மூன்றாவது மேசை சகுந்தலாவுடையது. அவளிடம் காகிதம் வாங்க வருகிறவர்கள் ஒன்றைக் கவனித்திருப்பார்கள். மற்ற குமாஸ்தாக்களைப்போல அவள் காகிதத்தை மேசைமேல் வைத்து நகர்த்திவிடமாட்டாள். "கைய நீட்டுங்க" என்பாள். வந்தவர் நீட்டும்வரை பிடித்துக்கொண்டே இருப்பாள். கூட்டம் இருக்கிற நாளில் இதனால் நேரமாகிறது என்று பக்கத்து மேசைக்காரர்கள் முணுமுணுப்பதுண்டு.

இன்னொன்றும் உண்டு. அவள் சேலைக் கொசுவத்தில் எந்நாளும் இரண்டு மூன்று பொன்னிற மயிர் ஒட்டியிருக்கும்.

"இன்னாம்மா, வூட்ல சிங்கம் வளக்கிறியா?" என்று தட்டச்சர் காஜா மொய்தீன் கேட்பார்.

"சிங்கம் இல்ல அண்ணே, பிஸ்கோத்து" என்பாள்.

பிஸ்கோத்து வந்தது 1976ஆம் வருஷம், வேலை இல்லாமல் அவள் வீட்டிலிருந்த காலத்தில். அவள் ஊர் சதுரங்கப்பட்டினத்திலிருந்து உள்ளே இரண்டு மைல். அப்பா முத்துசாமி தினமும் சைக்கிளை மிதித்துப் போய் மாமல்லபுரத்தில் ஒரு பங்களாவின் தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அங்கே குடியிருந்த வெள்ளைக்காரத் தம்பதிகள் மூன்று வருஷமாகக் கோயில் சிற்பங்களை அளந்து அளந்து எழுதிக்கொண்டிருந்தார்கள். அந்த வேலை முடிந்து இங்கிலாந்துக்குத் திரும்பும்போதுதான் நாய் பிரச்சினை வந்தது. அங்கே கொண்டுபோனால் ஆறு மாதம் தனியாக அடைத்து வைப்பார்களாம். துரைசாணி இரண்டு நாள் அழுதுவிட்டு, நாய்க்கு யாரை அதிகம் பிடிக்கும் என்று யோசித்து, முத்துசாமியின் கையில் கயிற்றைக் கொடுத்துவிட்டாள். கூடவே தட்டச்சு செய்த நாலு பக்கக் காகிதம்.

காலனியில் அந்தக் காகிதத்தைப் படிக்கக்கூடியவள் சகுந்தலா ஒருத்திதான். தெருவே சுற்றி உட்கார்ந்துகொண்டது. கோல்டன் ரெட்ரீவர் வளர்ப்பவர்கள் எதையெல்லாம் எதிர்பார்க்க வேண்டும் என்பது தலைப்பு. சகுந்தலா ரெட்ரீவர் என்ற வார்த்தையிலேயே சிக்கிக்கொண்டாள். அகராதியைப் புரட்டிவிட்டு, "போனதைத் திருப்பிக் கொண்டுவரும் நாய்" என்று சொன்னாள்.

"நம்ம வூட்ல இன்னா போச்சு, திருப்பிக் கொண்டாறதுக்கு?" என்றார் முத்துசாமி.

அவள் மேலே படித்தாள். மயிர் ஓயாமல் உதிரும், வருஷத்தில் இரண்டு முறை கொத்துக்கொத்தாக உதிரும். தண்ணீரைக் கண்டால் குதித்துவிடும், வந்ததும் காது மடலைத் துடைத்துவிட வேண்டும். உச்சி வெயிலில் வெளியே விடக் கூடாது. தனியாகக் கட்டிப்போட்டால் வாடிவிடும். தினம் அரை கிலோ இறைச்சி, இரண்டு முட்டை.

"இன்னா, ரெண்டு முட்டையா?" என்று எதிர்வீட்டுச் செல்லம்மா எழுந்தே நின்றுவிட்டாள். "என்னக் கட்டி வச்சிக்கங்கடி, நான் கொலைக்கிறேன்."

"இது குலைக்காதாம்க்கா. காவலுக்கு ஆகாதுன்னு எழுதிக்கீது. திருடன் வந்தாகூட வால ஆட்டுமாம்."

"அப்ப எதுக்குடி அது நாயா கீது?"

அதற்கு நாலு பக்கத்திலும் பதில் இல்லை. மூன்றாம் பக்கத்தில் மட்டும் துரைசாணி பெருமையாக ஒன்றை எழுதியிருந்தாள். இந்த ஜாதி நாய்க்கு வாய் மெத்து. சுட்ட பறவையைச் சேதமில்லாமல் கொண்டுவரப் பழக்கிய வம்சம். முட்டையைக் கவ்வினால்கூட உடையாது. பிரியமானவர்களுக்கு எதையாவது வாயில் ஏந்திக் கொண்டுவந்து கொடுத்தால்தான் அதற்குத் திருப்தி.

அரை கிலோ இறைச்சிக்குப் பதில் கேழ்வரகுக் கஞ்சியும் மீன்தலையும் கிடைத்தன. நாய் குறை சொல்லவில்லை. காகிதத்தில் இருந்ததெல்லாம் ஒவ்வொன்றாக நடந்தது. கஞ்சியில் மயிர், பாயில் மயிர், சகுந்தலா விண்ணப்பம் எழுதி ஒட்டிய உறைகளிலும் மயிர். நாய் கழிமுகத்துக்குப் போய் வலையின் மிதவைக்கட்டையைக் கொண்டுவந்தது. யார் வீட்டுத் தேங்காய்த் தொட்டியையோ கொண்டுவந்தது. ஒரு நாள் செல்லம்மாவின் கோழிக்குஞ்சைக் கொண்டுவந்து முத்துசாமியின் உள்ளங்கையில் விட்டது. செல்லம்மா தெருவையே இரண்டாக்கினாள். ஆனால் குஞ்சு உடம்பெல்லாம் எச்சிலோடு எழுந்து நின்று, உதறிக்கொண்டு, தாயைத் தேடி ஓடிவிட்டது. திட்டுவதற்குச் செல்லம்மாவிடம் வார்த்தை மிச்சமிருந்தது, காரணம்தான் இல்லை.

நாய் ஊர்த்தெருவுக்கும் போய்வந்தது. காலனிக்கும் ஊர்த்தெருவுக்கும் நடுவே ஒரு புளியமரம் நின்றது. ஊர்த்தெருவுக்குப் போகும்போது முத்துசாமி அங்கே செருப்பைக் கழற்றி மரத்தடியில் வைத்துவிட்டுப் போவார். கழற்று என்று இப்போது யாரும் சொல்வதில்லை. கழற்றாதே என்றும் யாரும் சொல்லவில்லை. நாய்க்கு அந்தப் புளியமரம் வெறும் புளியமரம். ஊர்த்தெருவில் அதன் மயிரைத் தடவிப் பார்த்து, படியேற்றி உட்கார வைத்து முறுக்கு கொடுத்தார்கள்.

அந்த வருஷம் ஆடி மாதத்தில் சகுந்தலா குமாஸ்தா பரீட்சையில் தேறினாள். வெள்ளிக்கிழமைக்குள் சாதிச் சான்றிதழைச் செங்கல்பட்டில் காட்ட வேண்டும். கையெழுத்து தாசில்தாருடையது. ஆனால் ஊர் முன்சீப், இன்னார் மகள், இன்ன வகுப்பு என்று எழுதிக் கொடுக்காமல் அங்கே காகிதம் நகராது. முன்சீப் திருவேங்கடம் புதன்கிழமை காலையில் வரச் சொல்லியிருந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் பிஸ்கோத்து ஒரு செருப்போடு வந்தது.

யாருடையது என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. காஞ்சிபுரத்தில் சொல்லித் தைத்த தோல் செருப்பு, கட்டைவிரலுக்கு வளையம் வைத்தது. முன்சீப் நடந்தால் அது கிரீச் கிரீச்சென்று கத்தும். அந்தச் சத்தம் தெருமுனையில் கேட்டதும் உட்கார்ந்திருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நாய் அதைச் சகுந்தலாவின் கையில் வைத்துவிட்டு வாலை ஆட்டியது.

"துண்டுல சுத்தி நான் கொண்டும்போய் வச்சிட்டு வரேன்" என்றார் முத்துசாமி. "கால்ல வுயுந்தா முடிஞ்சிச்சி."

"நீ வுய வேணாம்ப்பா. நானும் வரேன்."

அவள் துணிப்பையில் பட்டம் வாங்கிய சான்றிதழை வைத்திருந்தாள். செருப்பையும் அதற்குள்ளேயே போட்டுக்கொண்டாள். புளியமரத்தடியில் முத்துசாமி வழக்கம்போல நின்றார். சகுந்தலாவின் கையும் தானாகக் கீழே போய் வாரைத் தளர்த்திவிட்டது. பிறகுதான் கவனித்தாள். காலேஜுக்குப் போன மூன்று வருஷமும் எந்தத் தெருவிலும் கழற்றாத செருப்பு. மறுபடி வாரை மாட்டிக்கொண்டாள். மாட்டிக்கொண்டது தைரியத்தால்தானா, அப்பா பார்த்துக்கொண்டிருந்ததாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

பிஸ்கோத்து அவர்களுக்கு முன்னால் ஓடி, முன்சீப் வீட்டுப் படியேறி, அவர் நாற்காலிக்குப் பக்கத்தில் படுத்துக்கொண்டது.

சகுந்தலா செருப்பை எடுத்துப் படியில் வைத்தாள். முத்துசாமி கீழே நின்றபடியே, "நாயி தூக்கினு வந்துடுச்சி ஐயா, தெரியாம" என்றார்.

முன்சீப் செருப்பை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"நாயி கவ்வுனா பல்லு படாது? இதுல ஒரு கீறல் கீதா, பாரு. எவனோ எடுத்தாந்து கூத்தடிச்சிகினு இருந்திருக்கான். நீ நாயி மேல போடற."

"சத்தியமா நாயிதான் ஐயா."

"எவன்னு பேரச் சொல்லு. சொன்னா கையெழுத்து. இல்லன்னா போய்க்கினே இரு."

சகுந்தலாவின் நாக்குவரை ஒரு பெயர் வந்தது. செல்லம்மாவின் மருமகன் பெயர். அவன் முன்சீப்பின் செருப்புச் சத்தத்தை வாயால் செய்து காட்டிச் சிரிக்கிறவன். சொன்னால் நம்பிவிடுவார். அவள் சொல்லவில்லை. ஆனால் வந்ததே, அது ஏன் வந்தது என்பதைப் பின்னாளில் பல முறை யோசித்திருக்கிறாள்.

"இந்த நாய்க்கு வாய் மெத்துங்க" என்றாள். "முட்டையக் கவ்வினாகூட ஒடையாது. வெள்ளைக்காரம்மா எழுதிக் குடுத்துட்டுப் போயிருக்காங்க."

"எழுதிக் குடுத்தாங்களா?" முன்சீப் சிரித்துவிட்டார். "நாய்க்கு நல்லொழுக்கச் சான்றிதழா?"

உள்ளேயிருந்து அவர் மனைவி வரலட்சுமி வந்து நிலைப்படியில் நின்றாள். கையில் ஒரு நாட்டுக்கோழி முட்டை. "வாய்ச்சண்ட எதுக்கு? தோ, குடுத்துப் பாருங்களேன்."

அப்போதுதான் சகுந்தலாவுக்கு அது உறைத்தது. சோதித்துப் பார்க்கிற அளவுக்கு அவர்கள் வீட்டில் முட்டை இருந்ததில்லை. ஆங்கிலத்தில் தட்டச்சு செய்திருந்தது என்பதைத் தவிர அவளிடம் வேறு ஆதாரம் இல்லை. மூன்று வருஷம் படித்ததில் எதைக் கற்றோமோ இல்லையோ, ஆங்கிலத்தில் இருப்பதை நம்பக் கற்றுக்கொண்டோம் என்று நினைத்தாள்.

வரலட்சுமி முட்டையைத் தரையில் வைத்தாள். தெருவில் ஏழெட்டுப் பேர் கூடிவிட்டார்கள். நாய் எழுந்து, மோந்து பார்த்து, வாயைத் திறந்து முட்டையை எடுத்துக்கொண்டது. எல்லாரையும் ஒரு முறை பார்த்தது. முன்சீப் கையை நீட்டினார். அது அவரைத் தாண்டிப் படியிறங்கி, தெருவில் நின்ற முத்துசாமியின் உள்ளங்கையில் முட்டையை வைத்தது. ஈரமாக, முழுசாக இருந்தது முட்டை.

"அடி ஆத்தாடி!" என்றாள் வரலட்சுமி. "முட்டைய நீயே வச்சிக்கப்பா. நாயி எச்சி, நாங்க துண்ண மாட்டோம்."

முன்சீப் வெகுநேரம் நாயையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பேனாவை எடுத்தார். எழுதுவதற்கு முன், "உன் வூட்ல இதுக்கு இன்னாத்தப் போடற? கஞ்சியா? பாவம்டா. இங்க வுட்டுட்டுப் போ. பால் சோறு கீது" என்றார்.

அவர் குரலில் மிரட்டல் இல்லை. பேனா மட்டும் காகிதத்தில் படாமல் நின்றது.

"எடுத்துக்கங்க ஐயா" என்றார் முத்துசாமி உடனே.

சகுந்தலா வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். அப்பாவே சொன்னபின் நாம் சொல்ல என்ன இருக்கிறது என்று அப்போது தோன்றியது. அவர் யாருக்காகச் சொன்னார் என்பதும் தோன்றியது. அவள் மை காய்வதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். முன்சீப் கையெழுத்திட்ட காகிதத்தைப் படியின் ஓரத்தில் வைத்து, விரலால் சற்றே தள்ளினார். அவள் குனிந்து எடுத்துக்கொண்டாள்.

அன்று அம்மா அந்த முட்டையைக் குழம்பில் போட்டாள். நாய் எச்சில் என்று யாரும் சொல்லவில்லை. முத்துசாமி மட்டும் முட்டையைத் தொடவில்லை.

மறுநாள் தாசில்தார் கையெழுத்தும் கிடைத்தது. வெள்ளிக்கிழமை சகுந்தலா செங்கல்பட்டு போய்ச் சான்றிதழைக் காட்டிவிட்டு வந்தாள். சனிக்கிழமை கஞ்சியில் ஒரு மயிர் கிடந்தது. விரலால் எடுத்துப் பார்த்துவிட்டுப் போட்டுவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பிஸ்கோத்து கழுத்தில் அறுந்த கயிறோடு வந்தது. வாயில் அதே செருப்பு. அவள் கையில் வைத்துவிட்டு, அவள் வாயைத் திறப்பதற்குள் திரும்பி ஓடியது. கால் மணி நேரத்தில் ஜோடியின் மற்றதும் வந்துசேர்ந்தது.

முத்துசாமி துண்டை எடுத்தார். "குடும்மா, கொண்டும்போய்..."

"எதுக்குப்பா? நாயி இப்ப யாருது?"

"அவருதுதான்."

"செருப்பு?"

"அதுவும் அவருதுதான்."

"அவரு நாயி அவரு செருப்ப எடுத்துச்சி. நடுவுல நமக்கு இன்னா வேல?"

எங்கே தப்பு இருக்கிறது என்று முத்துசாமிக்குப் பிடிபடவில்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆனால் சாயங்காலம்வரை தெருமுனையைப் பார்த்துக்கொண்டேயிருந்தார். சகுந்தலாவும்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். செங்கல்பட்டில் கொடுத்த காகிதத்தை ஒரு வார்த்தையில் அவரால் நிறுத்திவிட முடியும் என்பது அவளுக்குத் தெரியும். செருப்பு இரண்டையும் சுவரோரமாக வைத்திருந்தாள்.

செல்லம்மா வாசலில் காலை நீட்டி உட்கார்ந்து தலைவாரிக்கொண்டிருந்தாள். வெயில் தாழ்ந்த நேரம். சத்தம் எதுவும் வரவில்லை. அவள் நிமிர்ந்தபோது முன்சீப் அவளுக்கு நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். வெறுங்கால். புளியமரத்துக்கு இந்தப் பக்கம் முழுக்க வேலிக்காத்தான் முள். அவர் ஒரு காலைத் தூக்கி, சுவரைப் பிடித்துக்கொண்டு, முள்ளைப் பிடுங்கினார். செல்லம்மா சீப்பைத் தலையிலேயே விட்டுவிட்டாள். எழவேண்டும் என்பதுகூட அவளுக்கு மறந்துபோயிற்று.

"எங்கம்மா என் செருப்பு?"

"தோ, அங்க கீது" என்று சகுந்தலா சுவரோரம் காட்டினாள். எடுத்துக்கொடுக்கக் கூடாது என்று மத்தியானமே முடிவுசெய்திருந்தாள்.

அந்த முடிவு நாய்க்குத் தெரியாது. அது எழுந்து போய் ஒரு செருப்பைக் கவ்விக்கொண்டு வந்து, முன்சீப்பைத் தாண்டி, அவள் கையில் வைத்தது. பிறகு மற்றதையும் வைத்தது. சகுந்தலா இரண்டு செருப்பையும் ஏந்திக்கொண்டு நின்றாள். கீழே போட்டால் சண்டை. குனிந்து அவர் காலடியில் வைக்க உடம்பு வளையவில்லை. அவள் அப்படியே நின்றாள்.

முன்சீப் நாயைப் பார்த்தார். செருப்பைப் பார்த்தார். "எழவு புடிச்ச நாயி" என்றார். "நாலு நாளா பால் சோத்த மோந்துகூடப் பாக்கல." பிறகு கையை நீட்டி, அவள் கையிலிருந்து செருப்பை வாங்கிக்கொண்டார். வாங்கும்போது அவர் விரல் அவள் விரலில் பட்டது. இரண்டு பேருமே அதைக் கவனித்த மாதிரி காட்டிக்கொள்ளவில்லை.

"கஞ்சிதான் துண்ணும்னா துண்ணட்டும்" என்று சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். கிரீச் கிரீச்சென்ற சத்தம் தெருவின் கடைசிவரை போயிற்று. பிஸ்கோத்து புளியமரம்வரை அவர் கூடவே போய், அவர் கூப்பிடாததால் திரும்பி வந்தது.

செல்லம்மாவுக்கு அதற்குப் பிறகுதான் பயம் வந்தது.

"சத்தமே கேக்கலடி. அதான் நான் எழுந்துக்கல. கோச்சிக்கினு இருப்பாரா?"

"அவரு ஒண்ணும் கேக்கலையேக்கா."

செல்லம்மா இன்னும் காலை நீட்டியேதான் உட்கார்ந்திருந்தாள். தலையில் மாட்டியிருந்த சீப்பை எடுத்து, மறுபடி வாரத் தொடங்கினாள்.